புகழ்ச்சிக்குள் மறையும் பழி

பிறரைப் பழித்துப் பேசுதல் தீது என்று குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே கற்பிக்கிறோம். பிறரைப் புகழும்போதும் தீங்கு நேரக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. புகழ்பவர் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார். புகழப்படுபவரும் முகமலர்ச்சியோடு ஏற்கிறார். ஆயினும் அப்புகழ்மொழி அவருக்கு உரிய ஒன்றை அவரிடமிருந்து பறிக்குமாயின், அதனைப் புகழ் என்பதா, பழி என்பதா?

இவ்வினாவை ஆராயக் கால்பந்தாட்ட வருணனை பெரிதும் துணைசெய்யும். நள்ளிரவிலும் விழித்திருந்து ஐரோப்பிய ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காணும் இளைஞர்கள் இன்று நம் குமாரபாளையம் போன்ற ஊர்களிலும் உள்ளனர். ஆட்டத்தோடு வருணனையாளரின் சொற்களும் அவர்கள் செவியில் விழுகின்றன.

2020ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த ரன்ரிப்பீட் என்னும் ஆய்வு நிறுவனம், இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தாட்டக்காரர் சங்கத்தின் துணையோடு ஓர் ஆய்வை வெளியிட்டது. நான்கு ஐரோப்பிய லீக் போட்டிகளின் 80 ஆட்டங்களில் ஆங்கில வருணனையாளர்கள் வீரர்களைப் பற்றிக் கூறிய 2,073 கூற்றுகள் அதில் ஆராயப்பட்டன. அறிவுத்திறனைப் பாராட்டிய சொற்களில் ஏறத்தாழ 63 விழுக்காடு வெளிர்நிற வீரர்களுக்குச் சென்றது. அறிவுக்குறையைச் சுட்டிய சொற்களில் ஏறத்தாழ அதே அளவு கருநிற வீரர்களுக்குச் சென்றது. உடல் வலிமையைப் பற்றிய பேச்சோ, கருநிற வீரர்களைக் குறித்து ஆறு மடங்குக்கும் மேலாக எழுந்தது.

விரைந்து ஓடுபவனை விரைவானவன் என்று கூறுவதில் பிழை என்ன என்று கேட்கலாம். தனித்தனியே நோக்கினால் ஒரு கூற்றிலும் பிழை காண்பது அரிது. வருணனையாளர் எவரும் பொய் கூற எண்ணியிருக்க மாட்டார். இரண்டாயிரம் கூற்றுகளையும் ஒருசேர அடுக்கி நோக்கும்போதுதான், ஒருவருக்கு உடலும் மற்றவருக்கு அறிவும் பங்கிடப்பட்டிருப்பது தெரிகிறது. இப்பங்கீட்டின் விளைவு ஆடுகளத்தோடு நிற்பதில்லை. வலிமை பிறவியில் வந்தது என்று கருதப்படுவதால் வீரனின் பல்லாண்டுப் பயிற்சி மறைந்துபோகிறது. அறிவு அவனுக்கு உரியதன்று என்ற எண்ணம் ஊன்றிவிட்டால், ஆடும் வயது கடந்தபின் அணியை நடத்தும் பொறுப்பை அவனிடம் ஒப்படைக்கத் தயக்கம் பிறக்கிறது. கருநிற வீரர்கள் ஏராளமாக ஆடும் இங்கிலாந்தின் முதன்மை லீக் போட்டியில், கருநிறத் தலைமைப் பயிற்சியாளர்கள் மிகச் சிலரே அமர்ந்துள்ளனர்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. திருச்சூர் விளையாட்டரங்கில் சிறுவனாகச் சோடா விற்று, பின்னர் இந்திய அணியின் தலைவராக உயர்ந்தவர் ஐ.எம். விஜயன். 2025ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்ற அவரைக் கொல்கத்தா ரசிகர்கள் ‘காலோ ஹரின்’, அதாவது கருப்பு மான், என்று அன்போடு அழைத்தனர். மானின் விரைவு அவர் காலில் இருந்தது; அதில் ஐயமில்லை. ஆனால் நிறம் ஏன் அப்பெயரில் ஏறியது? ருசிய நாட்டுக் காவலர் லெவ் யாஷினும் ‘கருஞ்சிலந்தி’ என்று அழைக்கப்பட்டார். அது அவர் அணிந்த கரிய உடையால் வந்த பெயர். மொசாம்பிக்கில் பிறந்து போர்ச்சுகலுக்கு ஆடிய யூசேபியோ ‘கருஞ்சிறுத்தை’ ஆனது அவர் தோலின் நிறத்தால். உடையைக் கழற்றி வைக்கலாம். தோலை எங்கே கழற்றுவது?

இத்தகைய பங்கீடு ஆள்வோரின் வசதிக்கேற்ப மாறுவதும் உண்டு. ஆங்கிலேயர் வங்காளியரை அறிவுடையோர், ஆனால் உடல்வலி அற்றோர் என்று எழுதினர். வேறு சில மக்களைப் போர்க்குடியினர் என்று பிரித்தனர். 1911ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று, மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. வென்ற பதினொருவரில் பதின்மர் வெறுங்காலோடு ஆடினர். 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய நாகாலாந்தின் தாலிமெரன் ஆவோ, மருத்துவக் கல்வி பயின்றுகொண்டே பந்தாடி, பின்னர் மருத்துவராகத் தொண்டாற்றியவர். ‘மலைமக்களுக்கு உடல்வலி இயற்கை’ என்ற ஒரே சொல்லில் அவரை அடக்கிவிட இயலுமா?

நம் ஊரையே நோக்குவோம். ‘நெசவாளர் வீட்டுப் பிள்ளை; கைவேலை அவன் ரத்தத்திலேயே இருக்கிறது’ என்று பாராட்டுவோர் பலர். பாவு நூல்களின் எண்ணிக்கை, அச்சின் கணக்கு, கரையின் அகலம், ஊடையின் நிறவரிசை இவையாவும் மனத்தில் கணக்கிட்டுத் தறியில் அமர்வதை அவர்கள் காண்பதில்லை. கையைப் புகழ்ந்த அச்சொல், கணக்கிட்ட அறிவை மறைத்துவிடுகிறது. அத்தகைய பிள்ளை வகுப்பில் கணக்கில் முதல் மதிப்பெண் பெறும்போது வியப்படையும் ஆசிரியர், அவ்வியப்பு எங்கிருந்து வந்தது என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் நன்று.

நம் சமயம் நிறத்தைப் பற்றி மிக நுட்பமாகப் பேசுகிறது. உடலின் நிறத்தைக் குறிப்பது திரவிய லேசியை; உள்ளத்தின் தன்மையைக் குறிப்பது பாவ லேசியை. கிருஷ்ண லேசியையை உள்ளத்தின் கொடிய நிலையாகக் கூறும்போதும், உடல் கருமையை அதற்கு அடையாளமாக ஆன்றோர் கொள்ளவில்லை. நாம் வணங்கும் நேமிநாதரும் முனிசுவிரதரும் கருநிறத்தினர் அல்லரோ? புறநிறம் கொண்டு அகத்தை அளப்பது இவ்வேறுபாட்டை மறப்பதேயாகும்.

ஆகவே புகழாதிருங்கள் என்று கூறவில்லை. புகழும்போது செயலைப் புகழ்வோம். ‘என்ன வலிமை!’ என்பதோடு நில்லாமல், எந்த இடைவெளியை அவன் முன்கூட்டியே கண்டான், எத்தனை நாள் பயின்று அந்த உதையைக் கைவரச் செய்தான் என்பதையும் நம் பிள்ளைகளிடம் கேட்போம். ஒரே செயலை வேறு நிறத்தவர் செய்திருந்தால் இதே சொல்லைத்தான் கூறியிருப்போமா என்று எண்ணிப் பார்ப்போம். சொல்லடக்கம் என்பது கடுஞ்சொல்லைத் தவிர்ப்பது மட்டுமன்று. இனிய சொல்லையும் நிறுத்தி அளந்து, உரியவர்க்கு உரியதை முழுமையாக வழங்குவதும் அதுவே.