உறைபனியில் நீண்ட கை

நீரில் மூழ்குவோரைக் காப்பது அறமென்பதை மறுப்பார் இலர். ஆயின், மூழ்குபவன் நம்மைச் சிறைப்பிடிக்கத் துரத்தி வந்தவனாக இருப்பின், அவனையும் காத்தல் வேண்டுமோ? நெதர்லாந்தின் ஆஸ்பெரன் என்னும் ஊரில் வாழ்ந்த டிர்க் வில்லெம்ஸ் என்பவன் இவ்வினாவுக்குச் செயலால் விடையளித்தான்.

குழந்தைப் பருவத்தில் பெறும் திருமுழுக்குப் போதாது, அறிவறிந்த பின் பெறுவதே செல்லும் என்னும் கொள்கையை அவன் இளமையிலேயே ஏற்றவன். அந்நாளைய ஸ்பானிய ஆட்சியில் அது மரண தண்டனைக்குரிய குற்றம். சிறையிடப்பட்ட அவன், துணிகளை முடிந்து கயிறாக்கி, அதன்வழி இறங்கித் தப்பினான். எதிரே உறைந்து கிடந்தது நீர்நிலை. மெல்லிய பனிப்பரப்பு அவனைத் தாங்கியது. பின்தொடர்ந்த காவலனைத் தாங்கவில்லை. காவலன் நீரில் விழுந்தான். டிர்க் திரும்பி வந்து அவனை மீட்டான்.

காவலன் அவனை விட்டுவிடவே விரும்பினான். ஆனால் நகரத் தலைவரோ, எடுத்துக்கொண்ட உறுதிமொழியை நினைவூட்டிக் கடிந்துரைத்தார். காவலன் பணிந்தான். 1569 மே 16ஆம் நாள் டிர்க் தீயிட்டுக் கொல்லப்பட்டான். 1660இல் திலேமன் வான் பிராக்ட் வெளியிட்ட நூல் இவ்வரலாற்றைக் கூறுகின்றது. 1685இல் யான் லுய்க்கன் வரைந்த செதுக்கோவியத்தில் டிர்க்கின் இரு கைகளும் நீரை நோக்கி நீண்டிருக்கின்றன.

தன் உயிரை இழந்து பகைவனைக் காத்தது பேதைமை என்பார் உளர். பயன் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வோருக்கு அவ்வாறே தோன்றும். ஆயின், துன்புற்றவனின் தகுதியை ஆராய்ந்த பின்னரே கை நீளும் என்றால், அது கொடுக்கல் வாங்கலே அன்றி இரக்கமாகாது. மேலும், உதவிக்கு அழுவோன் குரலைக் கேட்டும் ஓடியிருந்தால் டிர்க் உயிர் தப்பியிருப்பான். எந்த நெறிக்காகச் சிறைப்பட்டானோ, அந்நெறி தப்பியிராது.

இவ்வரலாற்றில் நாம் பெரிதும் எண்ணிப் பார்க்க வேண்டியவன் காவலனே. அவன் கொடியவன் அல்லன், நன்றியும் அறிந்தவன். ஆயினும் மேலோர் கட்டளையை மறுக்கும் துணிவு அவனிடம் இல்லை. பனிக்கட்டி உடைந்தபோது அவனுக்குக் கைகொடுக்க ஒருவன் இருந்தான். மனச்சான்று உடைந்தபோதோ அவனை அவனே காத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நீரில் விழுந்தவனைக் காக்கும் வாய்ப்பு வாழ்நாளில் ஒருமுறையேனும் வருமா என்பது ஐயம். தவறான கட்டளைக்கு முன் நிற்கும் நேரமோ எல்லார்க்கும் வரும். வகுப்பில் ஒருவனை அனைவரும் சேர்ந்து ஒதுக்குகையில் அவன் பக்கம் சென்று அமரும் மாணவன், அந்நேரத்திற்கு இன்றே தன்னை ஆயத்தப்படுத்துகின்றான்.