கட்டுவதும் கையேந்துவதும்

பெரிய ஆபத்து ஒன்று நீங்கிவிட்டால், "காப்பாற்றியது துஆவா, திறமையா?" என்ற பேச்சு நம் வீடுகளில் எழுவதுண்டு. ஈமானுடைய நாம் இதற்கு என்ன விடை சொல்வது? நம் திருச்சி வானில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு சிந்திப்போம்.

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. மாலை 5.40 மணியளவில் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஒன்று 140-க்கும் மேற்பட்டவர்களுடன் புறப்பட்டது. மேலெழுந்த சற்று நேரத்தில் அதன் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு தெரிந்தது. குழாய்களில் எண்ணெயைப் பெரும் அழுத்தத்தில் செலுத்திச் சக்கரங்களை ஏற்றி இறக்கவும், பிரேக் பிடிக்கவும், இறக்கைப் பலகைகளை அசைக்கவும் உதவும் அமைப்பு அது.

உடனே திரும்பி இறங்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் அந்த போயிங் 737 விமானம் சுமார் 79 டன் வரை எடையுடன் மேலெழலாம். இறங்கும்போது சுமார் 66 டன்னுக்கு மேல் இருக்கலாகாது. எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும் வசதியும் அதில் இல்லை. பறந்து பறந்து எரித்துத்தான் தீர்க்கவேண்டும். ஆகவே திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்தின் மேல் இரண்டு மணி நேரத்துக்கும் அதிகமாக அது சுற்றியது. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் காத்து நின்றன. மஃரிபும் இஷாவும் வந்தன. இரவு 8.15 மணியளவில் விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. அல்ஹம்துலில்லாஹ்!

துஆ செய்தவர்கள் வீணாகச் செய்யவில்லை. விமானிகள் நிதானம் இழக்காமல் கடமையைச் செய்ததும் வீணல்ல. இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதுதான் தவறு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்புவதா, கட்டாமல் விட்டு நம்புவதா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதைத் திர்மிதீயில் காண்கிறோம். திருமறையின் ஆலு இம்ரான் அத்தியாயமும் முதலில் கலந்தாலோசிப்பதையும், பிறகு உறுதி கொள்வதையும், அதன் பின்னரே தவக்குலையும் சொல்கிறது. இந்த வரிசையை நாம் மாற்றலாமா?

விமானத்திலும் கயிறு பல உண்டு. அந்த வகை விமானத்தில் ஹைட்ராலிக் அமைப்பு ஒன்றல்ல, மூன்று. அழுத்தம் இல்லாதபோதும் கைப்பிடியை இழுத்தால் சக்கரங்கள் தம் எடையாலேயே கீழே இறங்கும். நம் திருவெறும்பூர் கொதிகலன் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. கொதிகலனைப் பயன்படுத்தும் முன் அதில் நீரை நிரப்பி, வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கிறார்கள். நீராவி மிஞ்சினால் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வும் வைக்கிறார்கள். இவையெல்லாம் தவக்குலுக்கு முரணா? இல்லை, ஒட்டகத்தின் கயிறுகளே இவை.

இன்னொரு கடினமான கேள்வி இருக்கிறது. கட்டியும் ஒட்டகம் போய்விட்டால்?

அமெரிக்காவில் 1989 ஜூலை 19 அன்று 296 பேருடன் சென்ற டிசி-10 விமானத்தின் வால்பக்க எஞ்சினில் விசிறித் தட்டு உடைந்து சிதறியது. மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் ஒருங்கே செயலிழந்தன. பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் விமானி ஒருவரும் கைகொடுக்க, எஞ்சியிருந்த இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே சூ சிட்டி விமான நிலையம் வரை கொண்டுவந்தார்கள். 184 பேர் பிழைத்தனர். 112 பேர் மாண்டனர். அந்த விமானிகள் குறை வைத்தார்களா? இறந்தவர்களின் வீட்டார் துஆவில் குறை வைத்தார்களா? அப்படிச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. முடிவு அல்லாஹ்வின் கையில். நம்மிடம் கேட்கப்படுவது நம் கடமை.

ஆனால் கடமை வானில் மட்டும் தொடங்குவதில்லை. உலோகத்தை உருக்கிய நாளிலேயே அந்தத் தட்டில் ஒரு குறை புகுந்திருந்தது. அதிலிருந்து வளர்ந்த வெடிப்பு பரிசோதனையில் கண்ணில் படாமல் போயிற்று. யாரும் பாராத இடத்தில் வெல்டிங் வைப்பவரும், சோதித்துக் கையெழுத்திடுபவரும் முகம் தெரியாத பல நூறு உயிர்களின் அமானத்தைச் சுமக்கிறார்கள். அல்லாஹ் பார்க்கிறான் என்ற அச்சம் அந்தக் கையில் இருக்குமானால், அதுவும் இபாதத்தே.

நம் வீட்டைப் பார்ப்போம். தேய்ந்த பிரேக்கோடு பிள்ளைகளை ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டு "பிஸ்மில்லாஹ்" சொல்வதும், வெடித்த கேஸ் குழாயை மாற்றாமல் "அல்லாஹ் காப்பான்" என்று அடுப்பைப் பற்றவைப்பதும் தவக்குல் ஆகாது. அது சோம்பலுக்கு நாம் போர்த்தும் போர்வை. அதுபோல, எல்லாம் சரியாகச் செய்தும் இழப்புக்கு ஆளானவரிடம், "உம் துஆவில் குறை" என்று சொல்வதும் ஈமானின் பேச்சல்ல.

செய்யவேண்டியதைச் செய்துவிட்டுக் கையேந்தவும், வருவதைப் பொறுமையோடு ஏற்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் அளிப்பானாக! ஆமீன்.