டீக்கு முன்னால் ஒரு மணி நேரம்

காலை எட்டரை. தோசைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. கை அடுத்து டீப் பாத்திரத்தைத் தேடுகிறது. முப்பது வருஷப் பழக்கம். வயிறு நிறைந்தாலும் சூடாக ஒரு வாய் டீ இறங்கினால்தான் சாப்பிட்டு முடித்ததாக மனசு ஒத்துக்கொள்ளும்.

இப்போதெல்லாம் பாத்திரத்தை எடுப்பதற்குள் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

*

சித்திரையில் ரத்தம் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 9.6. பெண்களுக்கு 12க்குக் குறைந்தால் ரத்தசோகை. வாரத்தில் நாலு நாள் கீரை சமைக்கிற வீட்டில் எப்படி இது? டாக்டரம்மா வேறு காரணங்கள் உண்டா என்று பார்த்துவிட்டு, மாத்திரை எழுதினார். பிறகு, "சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழிச்சு டீ குடிப்பீங்கம்மா?" என்று கேட்டார்.

"கையோட குடிச்சிடுவேன்."

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு நிதானமாக விளக்கினார். டீக்குத் துவர்ப்பைத் தருகிற பொருள்கள், கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் இருக்கிற இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அப்படிப் பிடிபட்டது ரத்தத்தில் சேராமல் வெளியேறிவிடும். காபிக்கும் இந்தக் குணம் உண்டு, டீக்கு அதிகம். கறி, மீனில் உள்ள இரும்பில் ஒரு பகுதி மட்டும் இதற்கு அவ்வளவாகச் சிக்குவதில்லை. எங்கள் வீட்டில் கறி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்கிறது.

ஒரு கட்டு முருங்கைக்கீரையை உருவ எனக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். பழுப்பு நீக்கி, காம்பு கழித்து, அலசி வதக்கி எடுப்பதற்குள் ஒரு காலைப்பொழுது போய்விடும். அத்தனை பாடும் ஒரு டம்ளரில் கரைந்துகொண்டிருந்திருக்கிறது. அன்று பஸ்ஸில் வரும்போது இதை நினைத்து அழுகை வந்தது.

*

முதல் வாரம் கடினம். அந்த ஒரு மணி நேரம் முடியவே முடியாது போலிருந்தது. பத்தாம் நாள்தான் ஒன்று புரிந்தது: நான் ஏங்கியது டீக்கு மட்டும் அல்ல, உட்காருவதற்கும்தான். விடிந்ததிலிருந்து நின்றுகொண்டே இருக்கிற கால்களுக்கு அந்த டம்ளர் ஒரு அனுமதிச் சீட்டு. கையில் டீ இருந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள். இப்போது டம்ளர் இல்லாமலே திண்ணையில் உட்காருகிறேன். தெருவில் வெயில் ஏறுவதைப் பார்க்கிறேன்.

*

அம்மா கீரையை இறக்கி, சூடு தணிந்த பிறகுதான் எலுமிச்சை பிழிவாள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசக்கும் என்பாள். எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி சூட்டில் அழியும். அழியாமல் சேர்ந்தால் கீரையின் இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும். கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டித்தான் அரைப்பாள். முளைகட்டும்போது இரும்பைப் பிடித்துவைக்கும் பைட்டேட் குறைகிறது. அவளுக்கு ருசி தெரியும். அதற்குள் இவ்வளவு இருந்தது.

*

ஒன்பது மணிக்குக் கீரைக்காரக்கா வருவார். கூடையை இறக்கிவிட்டு, எங்கள் திண்ணையில்தான் தூக்கைத் திறந்து பழைய சோறு சாப்பிடுவார். முடித்ததும் நான் டீ கொடுப்பேன். எத்தனையோ வருஷமாக, அன்போடு.

2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அக்கா அந்த வயதைத் தாண்டியவர், இந்தக் கணக்கில் இல்லை. அவர் கண்ணின் கீழிமை வெளுத்திருப்பதை நேற்றுதான் கவனித்தேன். ஊருக்கெல்லாம் கீரை சுமக்கிறவர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். "வெள்ளிக்கிழமை வர்றேன்மா, அன்னைக்கு யாவாரம் கம்மி" என்றார்.

டீயைப் பற்றியும் சொன்னேன். "உட்கார நேரமேது? வெயில் ஏறிடும்" என்றார். உண்மைதான். காத்திருக்கிற ஒரு மணி நேரம் எனக்கு வாய்த்திருக்கிறது.

இன்று அவர் சோற்றோடு தொட்டுக்கொள்ள இரண்டு நெல்லிக்காயை நறுக்கி, உப்புப் போட்டுக் கொடுத்தேன். கூசிய பல்லோடு சிரித்தார். கூடையைத் தூக்கிவிட்டேன். "மேலத்தெரு முடிச்சிட்டு இந்த வழியாத்தான் வருவேன். அப்ப குடுங்க" என்றார்.

பத்து மணிக்கு இரண்டு டம்ளர் எடுத்துவைத்தேன்.