வீழ்ச்சியச்சமும் அளவையும்

முதியோர் நடக்குங்கால் வீழ்ந்துவிடுவோமோவென அஞ்சும் அச்சத்தைப் பிறர் அளத்தல் கூடுமோ என்பது ஈண்டு ஆராயப்படும்.

அச்சம் உள்ளத்து நிகழ்வது. அஃது அஞ்சுவோர்க்குத் தன்வேதனைக் காட்சியாற் புலனாமன்றி அயலார்க்குக் காட்சிப்பொருள் ஆகாது. சுவர் பற்றி நடத்தல் முதலிய குறிகளாற் கருதியுணரலாமெனின், முழங்கால் நோயுடையாரும் சுவர் பற்றுவர், குறி பிறழும். எஞ்சியது உரையே.

மருத்துவ அறிஞரும் உரையையே பற்றினர். அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகத்து மேரி டினெட்டி அம்மையார் முதலியோர் 1990-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகோல், நீராடல், உடுத்தல், இருக்கையினின்று எழுதல் முதலிய 10 செயல்களை வீழாது செய்ய எத்துணை நம்பிக்கை உண்டென வினவி, ஒவ்வொன்றற்கும் 1 முதல் 10 வரை எண்ணிடுவது. அச்சத்தை அளக்கப் புகுந்தோர் நம்பிக்கையை வினவியது நோக்கத்தக்கது. இவ்விரண்டும் ஒளியும் இருளும்போல ஒன்று நிற்ப ஒன்று நீங்குவனவோ? அல்ல. தம் கால்களை நம்பியும் அஞ்சுவாருளர்; நம்பாதிருந்தும் அஞ்சாது நடப்பாருமுளர். 2005-ஆம் ஆண்டு ஐரோப்பிய அறிஞர் அமைத்த 16 வினாக்களுடைய அளவுகோல், எத்துணைக் கவலை உண்டென நேரே வினவிற்று. அதன் இறுதி வினா வழிபாடு, உறவினர் கூட்டம் போல்வனவற்றிற்குச் செல்லுதலைப் பற்றியது. ஒரு செயலைக் கைவிட்டாரை, 'செய்வீராயின் கவலுவீரோ' என்று அது கேட்குமாறும் நன்று. கோயிற்குச் செல்லுதலை அச்சத்தாற் கைவிட்டவர் திண்ணையில் அச்சமின்றியே அமர்ந்திருப்பரன்றோ!

அற்றேல், உரை பொய்ப்பதும் உண்டே எனின்: 2010-ஆம் ஆண்டில், சிட்னி நகரத்து முதியோர் 500 பேரை ஆராய்ந்தோர், உடல்நிலை காட்டும் இடரும் அவர்தாம் கருதும் இடரும் ஏறக்குறைய மூன்றிலொருவரிடத்து ஒவ்வாமையை வெளியிட்டனர். இதனால் உரை பொய்யாயிற்றென்பது பொருந்தாது. அவர் உரை உள்ளத்துக்குச் சான்று, கால்களுக்குச் சான்றன்று.

யாம் அஞ்சுவது வேறொன்று. உரையளவைக்கு உரைப்போர் மெய்ம்மை இன்றியமையாதது. எண் மிகுந்தமை கண்டு, 'இனி வாயிற்படி தாண்டற்க' என மக்கள் தந்தையைத் தடுப்பின், மறுமுறை வினவுங்கால் அவர் கவலையே இல்லையென்பர். அளந்ததே அளவையைக் கெடுத்ததாகும். அடைபட்டிருக்கக் கால்கள் மேலும் தளர்தலின், அஞ்சிய வீழ்ச்சியும் அணித்தாகும். அவர் வேண்டியது உடன்வரும் ஒரு கையேயாதலுங் கூடும். ஆதலின், கதவின் திறவுகோலை வைத்திருப்பாரே இவ்வினாக்களை வினவுதல் தகுமோ என யாம் ஐயுறுகின்றோம்.