விசாரித்ததாகச் சொல்லவும்

சாத்தூரில் எங்கள் வீட்டு அடுக்களைச் சுவரில் வளைந்த கம்பி ஒன்று தொங்கும். வருகிற கடிதங்களைப் படித்து முடித்ததும் அப்பா அதில் குத்திவிடுவார். பெரும்பாலும் பிலாய் இரும்பாலையில் வேலை பார்த்த சித்தப்பாவின் இன்லேண்டு லெட்டர்கள். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, குளிர், லீவு, மணியார்டர் விஷயமெல்லாம் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். மீதி முழுக்க விசாரிப்புதான். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது, சின்னவனுக்குச் சளி விட்டதா, சிவப்பு மாடு கன்று போட்டுவிட்டதா. மடித்து ஒட்டுகிற ஓரத்தில், எழுத்து எறும்பாகச் சுருங்கிப்போன இடத்தில், 'பக்கத்து வீட்டு ஆச்சியை விசாரித்ததாகச் சொல்லவும்' என்றிருக்கும்.

அம்மா அதைச் சொல்லாமல் விட்டதே இல்லை. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஆச்சி, எங்க கொழுந்தன் உங்களைக் கேட்டு எழுதியிருக்காரு" என்பார். ஆச்சிக்கு அன்று முழுக்க அதுவே பேச்சு. "அம்புட்டு தூரத்துல இருந்துக்கிட்டு என்னைய நெனச்சுக் கேட்டிருக்கு பாரு அந்தப் பிள்ளை." குழாயடியில் நின்ற எல்லாருக்கும் விஷயம் போய்விடும்.

இப்போது எங்கள் குடும்பத்துக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. 61 பேர். குலதெய்வத்தின் பெயரை வைத்துவிட்டதால் வெளியேற யாருக்கும் துணிச்சல் வருவதில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்த பிறகு, ஸ்மார்ட்போனைக் கண்டு மிரண்ட சித்திகள்கூட ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் எந்தக் கோயில் வாசலில் நிற்கிறார்கள், யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்பது வரை எனக்குத் தெரியும். கேட்காமலே தெரியும். அதுதான் என் சங்கடம்.

பழசைப் புகழ்கிற ஆள் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். ராஜபாளையத்துச் சித்தி, டொராண்டோவில் பேரன் இட்லியைப் பிசைந்து முகமெல்லாம் பூசிக்கொள்வதைத் தினமும் வீடியோவில் பார்த்துச் சிரிக்கிறார். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்தபடி பாதி வாக்கியத்தில் போனை வைத்த தலைமுறை நாங்கள். அந்தச் சிரிப்பின் விலை எங்களுக்குத் தெரியும். கடிதங்களும் அப்படியொன்றும் அரிச்சந்திரன் வீட்டிலிருந்து வந்தவை அல்ல. அப்பா மஞ்சள்காமாலையில் படுத்திருந்தபோதும் 'இங்கு அனைவரும் நலம்' என்றுதான் பிலாய்க்குப் போனது.

ஆனால் அன்றைக்குப் பழியைச் சுமக்கத் தபால்காரர் என்று ஒருவர் இருந்தார். பதில் வரவில்லையா, தபால் தவறியிருக்கும். பத்திரிகை வரவில்லையா, பழைய விலாசத்துக்குப் போயிருக்கும். அந்தச் சந்தேகத்தின் நிழலில் எத்தனையோ உறவுகள் பிழைத்துக் கிடந்தன. 2014 நவம்பரில் வாட்ஸ்அப் அந்த இரண்டு நீல டிக்குகளைக் கொண்டுவந்து நிழலை வெட்டிவிட்டது. "நீலக் கோடு ரெண்டு விழுந்திருச்சு, வாயைத் திறக்கலையே உன் தம்பி" என்று அத்தை அம்மாவிடம் வழக்குக் கொண்டுவந்தார். மாமா அப்போது பைக்கில், சிக்னலில் நின்றிருந்தாராம். யார் நம்புவது?

குழுவை விட்டு வெளியேறுவதும் முன்பெல்லாம் ஊரறிய நடக்கும். நிலத் தகராறில் மாமா ஒருவர் இரவு பத்தரைக்கு வெளியேறினார்; பந்தியில் உட்கார்ந்துவிட்டுக் கை நனைக்காமல் எழுந்துபோன மாதிரி மறுநாள் முழுக்க அதே பேச்சு. 2022இலிருந்து அட்மினுக்கு மட்டும் தெரிகிற மாதிரி நழுவிவிடலாம். நல்ல வசதிதான். ஆனால் பந்தியிலிருந்து எழுந்தவரின் கையைப் பிடித்து உட்கார வைக்க அன்று பெரியவர் யாராவது ஓடுவார். எழுந்ததே தெரியாதென்றால் யார் ஓடுவது?

பள்ளிக்கூட நண்பர்களின் குழு தனி. பத்தாம் வகுப்பில் ஆறாவது பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவனும் அதில் இருக்கிறான். அவன் வீட்டில் எனக்குப் பெயர் சோடாப்புட்டி. வைத்தது அவன் அம்மா. போனால் கருப்பட்டிக் காப்பி தராமல் விட மாட்டார்.

அவர் இறந்த செய்தியைக் காலை ஆறே முக்காலுக்குப் படுக்கையிலேயே பார்த்தேன். எங்கள் பக்கம் கருமாதிப் பத்திரிகையை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். படித்துவிட்டு எரவாணத்தில் செருகிவிடுவார்கள். துக்கத்துக்கென்று வாசலில் ஓர் இடம் இருந்தது. இது தலையணைக்கே வந்துவிட்டது, மேலே ஒரு காலை வணக்க ரோஜாவும் கீழே ஒரு பிரியாணிக் கடை விளம்பரமுமாக. 'ஆழ்ந்த' என்று தட்டினேன். 'இரங்கல்' என்ற சொல்லைக் கீபோர்டே எடுத்து நீட்டியது. கூடவே ஒரு கும்பிடு. எனக்கு முன்னால் 22 கும்பிடுகள் விழுந்திருந்தன. பல் தேய்க்கப் போனேன்.

நல்லதுக்கு அழைத்தால் போக வேண்டும், கெட்டதுக்கு அழைக்காமலே போக வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். எழும்பூரில் ராத்திரி ரயில் ஏறினால் விடிவதற்குள் சாத்தூர். போகவில்லை. ஆபீஸில் வேலை இருந்தது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, போக வேண்டும் என்ற உறுத்தல் அந்தக் கும்பிட்டோடு இறங்கிவிட்டது. பாதிக் கடன் அடைந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி.

நாலு மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்து இலை. கார் வாங்கியது தெரியும். மகள் அரங்கேற்றம் தெரியும், சேலை நிறம் உட்பட. கொடைக்கானல் போனது தெரியும். அவனுக்கும் என்னைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது.

"அப்புறம்?" என்றான்.

"அப்புறம் நீதான் சொல்லணும்" என்றேன்.

ரசம் வருகிற வரை இரண்டு பேரும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். "அம்மாவுக்கு நீ வருவேன்னு நெனச்சேன்டா" என்றான் திடீரென்று. நான் வாயைத் திறப்பதற்குள், "கும்பிட்டிருந்தியே, பார்த்தேன்" என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் சோறு இறங்கவில்லை.

கை கழுவிவிட்டு மண்டபத்து வேப்பமரத்தடியில் நின்றோம். கடைசி நாட்களில் எப்படி இருந்தார் என்று அப்போதுதான் கேட்டேன். கேட்கவேண்டிய நாளில் கேட்காமல் விட்ட கேள்வி. அவன் நிறையச் சொன்னான். சாப்பாடு குறைந்தது, இரவில் தூங்காமல் பழைய ஆட்களையெல்லாம் பேர் சொல்லிக் கேட்டது. ஒருநாள் என்னையும் கேட்டாராம். "அந்தச் சோடாப்புட்டி எப்படிடா இருக்கான்?"

"நல்லாத்தாம்மா இருக்கான்னு சொல்லி, உன் பேஸ்புக் போட்டோவைக் காட்டினேன்டா. கண்ணைச் சுருக்கிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்துச்சு. இது என்னைக்கு எடுத்ததுன்னு கேட்டுச்சு. போன தீபாவளிக்கும்மான்னேன்."

கொஞ்சம் நிறுத்தினான்.

"நான் இப்ப எப்படி இருக்கான்னுல்ல கேட்டேன், அப்படின்னுச்சு."