எந்த ஆண்டுக்குத் திருப்புவது?

பழைய புல்லட் ஒன்றைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்ததுமே ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. இதை எந்த ஆண்டுக்குத் திருப்புவது? அறுபதுகளில் திருவொற்றியூரில் செய்த வண்டி என்று வைத்துக்கொள்வோம். டாங்க் பத்து வருஷம் கழித்து மாற்றியது. கார்புரேட்டர் வேறொரு வண்டியினுடையது. எஞ்சின் கூட்டில் எந்த ஊர் மெக்கானிக்கோ வைத்த வெல்டிங் தழும்பு. இதில் எதைத் தூக்கி எறிவது, எதை விட்டுவைப்பது?

ஷோரூமை விட்டு வெளிவந்த முதல் நாளுக்கே கொண்டுபோக வேண்டும் என்பவர்கள் உண்டு. ஒரு நட் கூடப் பிசகக் கூடாது அவர்களுக்கு. ஆனால் புல்லட்டைப் பொறுத்தவரை அந்த முதல் நாளே கலப்படமானது. பின்பக்க ஸ்பிரிங் சஸ்பென்ஷனோடு 1949-இல் சந்தைக்கு வந்த 350 சிசி புல்லட்டின் பிறப்பிடம், தையல் ஊசிக்குப் பேர்போன ரெட்டிச் என்னும் ஆங்கிலேயத் தொழில் நகரம். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது உதிரிகள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு ஒவ்வொரு உதிரியாக இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். ஆக, அந்தக் கால வண்டியில் எந்தப் போல்ட் இங்கிலீஷ், எந்தப் போல்ட் நம்முடையது என்று பிரிப்பது வீண் வேலை.

ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்ற பெயரில் மோட்டார் சைக்கிள் செய்வதே நின்றுபோனது. சென்னையிலோ அதே 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், அதே இரும்பு சிலிண்டர், சின்னச் சின்ன மாற்றங்களோடு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. 1977-இல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. பிறந்த வீட்டில் அடுப்பு அணைந்த பிறகு, போன வீட்டிலிருந்து சாப்பாடு போனது.

எப்படி இத்தனை காலம் தாங்கியது? உறுதி ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், யாரும் திறந்து பார்க்கலாம் என்பது. டாப்பெட் சரிசெய்ய அளவுத் தகடு கூட வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது பக்கவாட்டு மூடியைக் கழற்றி, புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. ஸ்டார்ட் செய்வதும் இப்படித்தான். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்தினால், ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, நிதானமாக முழு மிதி. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கிய கதை இல்லாத பழைய புல்லட்காரர் அபூர்வம்.

ஓட்டுவதும் பணிவைக் கேட்கிறது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. இன்றைய வண்டியிலிருந்து இறங்கி இதில் ஏறுபவர், பதற்றத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். வண்டி நம் பழக்கத்துக்கு வளையாது. நாம்தான் அதன் காலத்துக்குப் போக வேண்டும்.

போய்விட்டால் முதல் கேள்விக்கு வழி தெரிகிறது. ஓடும்போது பிஸ்டன் ரிங் தேய்கிறது, பாயிண்ட் கருகுகிறது, கிளட்ச் பிளேட் மெலிகிறது. ஓட்டுவது என்றாலே வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பது. தேய்ந்ததை மாற்றுவது அதற்குக் கொடுக்கும் விலை. கோயில் தேருக்குச் சக்கரம் மாற்றுகிறார்கள், அச்சு மாற்றுகிறார்கள். அது வேறு தேர் என்று எந்த ஊரும் சொன்னதில்லை. வீதி சுற்றாமல் கொட்டகையில் நின்றால்தான் ஊருக்குக் குறை. அசல் என்று நாம் தேடுவது உலோகத்தில் இல்லை. ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்வதில் இருக்கிறது. அந்த வெல்டிங் தழும்பு வண்டிக்கு வந்த களங்கம் அல்ல. பெயர் தெரியாத அந்த மெக்கானிக் வைக்காமல் விட்டிருந்தால், புதுப்பிக்க இன்று வண்டியே இருந்திருக்காது. நான் அதைத் தேய்க்க மாட்டேன்.

கண்ணாடிக்குள் நிறுத்தி வைக்கும் அருங்காட்சியக வண்டிகளும் வேண்டும்தான்; வரலாற்றுக்குச் சாட்சி தேவை. ஆனால் எல்லா வண்டியும் சாட்சியாக நிற்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுக் கொட்டகையில் தாத்தா ஓட்டிய வண்டி சாக்கு போர்த்திக் கிடக்கிறதா? பெயிண்டருக்கு அனுப்பாதீர்கள். கெட்டுப்போன பெட்ரோலைக் கொட்டிவிட்டு, எஞ்சின் ஆயிலை மாற்றி, பிளக்கைத் துடைத்து, முதலில் ஸ்டார்ட் செய்து பாருங்கள். கலர் அடிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.