என்னைக்கு?

கடந்த தவக்காலத்தில் மைனி வீட்டுக்குப் போனேன், மன்னிப்புக் கேட்க. திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு, மைனி" என்றேன். கீரை உருவிய கை நிற்கவில்லை. "என்னைக்கு?" என்றார்.

சொத்துப் பிரிக்கும்போது, 'வெறுங்கையோட வந்தவங்களுக்கு இதுல என்ன பேச்சு?' என்று நான் கேட்ட நாளைச் சொன்னேன். "அதுவா" என்றவர், "இருங்க தம்பி, காப்பி போடுதேன்" என்று எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான்.

அந்த 'என்னைக்கு' தூங்கவிட மாட்டேன் என்கிறது. மறந்துவிட்டாரா? இல்லை, எந்த நாளைச் சொல்கிறாய் என்று கேட்டாரா?

புதுநன்மைக்கு முன்னால், நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய ஐந்து காரியங்களை உபதேசியார் மனப்பாடம் செய்யவைத்தார். ஆத்தும சோதனையில் தொடங்கி அபராதம் தீர்ப்பதில் முடியும். அண்ணனின் பம்பரத்தைத் திருடியதை மரச்சல்லடைக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டுச் சொன்னேன். மூன்று அருள்நிறை மரியே. சொல்லி முடித்து, மனசு லேசாகி வீட்டுக்கு ஓடினேன். பம்பரம் டவுசர் பையிலேயே கிடந்தது.

எப்போதோ படித்த அகுஸ்தினாரும் இப்படித்தான் நினைவில் நிற்கிறார். 16 வயதில் கூட்டாளிகளோடு பேரிக்காய் திருடிப் பன்றிகளுக்கு எறிந்ததைப் பக்கம் பக்கமாகக் கடவுளிடம் சொல்லி மருகுகிறார். மரத்துக்காரர் முகம் மட்டும் எனக்கு நினைவில் இல்லை.

மத்தேயு 5:23-24 வேறு வழி காட்டுகிறது. காணிக்கையைப் பீடத்தின் முன் விட்டுவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்கிறார் இயேசு. கலிலேயாவில் கேட்டவர்களுக்குப் பீடம் இருந்ததோ எருசலேமில். பல நாள் நடை. மைனி வீடு இரண்டு தெரு தள்ளி. எனக்கு 18 வருஷம் ஆனது.

அந்த வசனத்தில் இன்னொன்றும் உண்டு. உன் மனசு உறுத்தினால் போ என்றில்லை. அவனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால் போ. கணக்கு நோட்டு அவன் கையில். நானோ என் நோட்டிலிருந்து ஒரு நாளைக் கிழித்து எடுத்துப் போயிருந்தேன். மைனியின் நோட்டில் வேறு நாட்கள் இருக்கலாம். நான் வாயே திறக்காத நாட்கள்கூட. அவரையும் ஒரு மரச்சல்லடையாக்கி, லேசாகித் திரும்பப் பார்த்தேனோ என்னவோ.

காப்பியில் நான் குடிக்கிறபடியே சர்க்கரை குறைவாக இருந்தது. அதை மறக்காதவர் அந்த நாளையா மறந்திருப்பார்?

'எந்தெந்த நாள், மைனி?' என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். இன்னொரு தடவை போனால் கேட்பேனா, கேட்டால் அந்தக் கை நிற்குமா, தெரியவில்லை.